மட்டாஞ்சேரிக் கொப்பரை அறையில் பத்து நிமிடம்

பொள்ளாச்சியில் சின்னதாக ஓர் எண்ணெய் ஆலை நடத்துகிறேன். எண்ணெயில் புகை வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். இளஞ்சூட்டில் கொப்பரை உலர்த்தும் இடம் ஒன்றைப் பார்க்கப் போன மாதம் கொச்சிக்குக் கிளம்பினேன். கோவையில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. கொச்சி வைட்டிலா பேருந்து நிலையத்தில் பத்தே முக்கால். அங்கிருந்து மட்டாஞ்சேரி பதினோரு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 280 ரூபாய்.

உலர்த்தும் அறை பழைய கிடங்கு ஒன்றின் பின்கட்டில் இருந்தது. உரிமையாளர் முருகன், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் மலையாளம் கலக்கும். "சூடு கூடினா தேங்காப் பருப்பு சிவந்து, வைட்டமின் ஈ எல்லாம் போயிரும். குறைஞ்சா பூப்பல், அதான் பூஞ்சணம், பிடிக்கும். மெல்ல காயணும், கேட்டோ" என்றார். புகை வராமலிருக்கக் கொட்டாங்குச்சிக் கரித்தணல். சூடு வெளியேறாமலிருக்க ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தார்.

உள்ளே, மரத்தட்டுகளில் ஓட்டோடு தேங்காய் மூடிகள். இருட்டில் அங்கங்கே டொக், டொக் என்று யாரோ விரலால் தட்டுவது போல ஒரு சத்தம்.

"பருப்பு ஓட்ட விட்டுப் பிரியுது. பேடிக்க வேண்டாம் சேச்சி. நான் சாயா வாங்கிட்டு வரேன்" என்று முருகன் போனார்.

மறுகோடியில் அவரிடம் வேலை செய்யும் தங்கம் மூடிகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளைப் படமெடுத்தேன். தலை கனத்தது, ஆனால் வலிக்கவில்லை, சுகமாகத்தான் இருந்தது. தட்டும் சத்தம் மெல்ல மெல்லப் பேச்சாக மாறியது. 'உறங்கிக்கோ' என்றது ஒரு பெண்குரல். உட்காரப் போனேன். அப்போது கைப்பேசி வெளிச்சம் தங்கத்தின் மேல் விழுந்தது. சுவரில் சாய்ந்திருந்தாள். கையில் ஒரு மூடி. கண்கள் திறந்தபடியே இருந்தன. கூப்பிட்டேன். இமைக்கவில்லை.

கால்கள் என்னுடையவை போலவே இல்லை. தவழ்ந்துபோய்ச் சாக்கைப் பிடுங்கினேன். சாயாவோடு வந்த முருகன்தான் எங்கள் இருவரையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டார்.

கரித்தணலின் நச்சு வாயு, வாசனையே இருக்காது என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் தங்கம் பேசினாள். முருகன் கட்டிலருகே தலைகுனிந்து நின்றார். மறுநாளே அந்த ஜன்னலை அகலமாக இடித்துவிட்டார்.

இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேளுங்கள். தனியாக உள்ளே நிற்காதீர்கள். நான் மின்சார வெப்பக்காற்று உலர்த்தி வாங்க முடிவு செய்திருக்கிறேன், விலை அதிகம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிளம்பும்போது தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள ஒரு பொம்பள 'உறங்கிக்கோ, உறங்கிக்கோ'ன்னு சொல்லிட்டே இருந்தா அக்கா. நீங்களா அது?"

அந்த வாயு மூளையைக் குழப்பும் என்று மருத்துவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.