இடுப்பில் கட்டிய ஏப்ரன்

1. முதல் நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமின் எக்ஸ்ரே ரூமில் உதவியாளாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும், பிளேட்டை அடியில் சொருக வேண்டும், படம் எடுக்கும்போது ஆளை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். டெக்னீஷியன் செல்வம் அண்ணன் தடுப்புக்குப் பின்னால் நின்று சுவிட்சை அழுத்துவார். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் ஆண் கை பட்டாலே சுருண்டுகொள்வார்கள். குழந்தைகளோ துள்ளும். அதனால் பிடிக்கிற கை எப்போதும் என் கைதான்.

பிடிப்பவர் மேல் எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயத்தகடு வைத்துத் தைத்த ஏப்ரன் ஒன்று இருந்தது. ஆம்பளை உயரத்துக்குச் செய்தது, மூட்டை மாதிரி கனக்கும். எனக்கு முன்னால் அந்த வேலை பார்த்த கமலாக்கா அதை இரண்டாக மடித்து என் இடுப்பில் கட்டிவிட்டார்.

“தோள்ல மாட்டுனா குனிய முடியாதுடி. வயித்தத்தான் மறைக்கணும். இல்லேன்னா புள்ள தங்காது.”

அந்த வேலைக்கு வந்த பெண்கள் எல்லாருமே அப்படித்தான் கட்டினோம். ஆபத்தெல்லாம் கர்ப்பப்பைக்குத்தான் என்று நினைத்தோம். செல்வம் அண்ணனும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் நெஞ்சுக்கு மறைப்பே இல்லை.

2. வீடு

அவ்வளவு பத்திரமாக மறைத்த வயிற்றில் பிள்ளை உண்டாகவே இல்லை. “அந்த மெசினையே கட்டிக்கிட்டு அழு” என்றார் மாமியார். வீட்டுக்காரர் மேலூரில் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டார். நான் ஆனையூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தேன். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளை மார்போடு அணைத்து, “மூச்ச இழுத்துப் பிடி ராசா” என்று கெஞ்சுவேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் பேச ஆள் இருக்காது. குழம்பு நன்றாக வந்தால் அதையும் நானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

3. கட்டி

எண்பதுகளில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். மாமியார் ஒரே ஒரு தடவை வந்தார். வார்டுக்கே கேட்கிற மாதிரி, “பால் குடுக்காத மாரு, பின்ன என்ன செய்யும்?” என்றார். பக்கத்துக் கட்டில்காரிகளும் ஆமாம் போட்டார்கள். தையலைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது. எல்லாரும் சொல்லச் சொல்ல நானும் நம்பிவிட்டேன். இது நானாக வரவழைத்துக்கொண்ட நோய் என்றே நினைத்தேன்.

அடுத்த வைத்தியத்துக்காக ஒரு டாக்டர் விசாரிக்க வந்தார்.

“எத்தனை பிள்ளைங்கம்மா?”

“இல்லங்கய்யா.”

“பால் கொடுத்ததே இல்ல?”

“இல்லங்கய்யா.”

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ தெரியாது.

“ஐயா, நான் என்ன வேல பாக்குறேன்னு கேக்கவே இல்லையே?”

திரும்பி வந்தார். பிள்ளைகளைப் பிடித்தது, ஏப்ரனை இடுப்பில் கட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார்.

“அதனாலயும் இருக்கலாம்மா. வருஷக்கணக்குல மார்ல கதிர் பட்டா ஆபத்து கூடும். பிள்ளை பெறாதவங்களுக்கும் கொஞ்சம் கூடுதல்தான். இது ரெண்டும் இல்லாதவங்களுக்கும் வருது. உங்களுக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“அப்ப என் குத்தம் இல்லையா?”

“பிள்ளை இல்லாதது ஒரு குத்தமா? அந்த நெனப்ப முதல்ல விடுங்க.”

அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். இதை ஓடிப்போய்ச் சொல்ல ஓர் ஆள் இல்லையே என்றும் சேர்த்து அழுதேன். பிறகு எனக்குக் கரண்ட் வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு வார்டில் அதுதான் பெயர். எது கெடுத்திருக்கலாம் என்றார்களோ, அதையே மருந்தாகவும் வைத்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

4. வேலைக்குப் போகும் பெண்களுக்கு

டாக்டர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். நீங்கள் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். எதைத் தொடுகிறீர்கள், எதை முகர்கிறீர்கள், உடம்பில் எது படுகிறது என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பாதுகாப்புக்கென்று ஒன்று கொடுத்தால், அதை எப்படிப் போட வேண்டும் என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள்.

கரண்ட் வைத்து முடித்த நாளில் ஆனையூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். ஆட்கள் நிற்கிற வழியோரத்து சீட் எனக்கு. ஜன்னல் ஓரத்தில் இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகக்கா?”

மற்ற நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

“எனக்குப் பிள்ள இல்லம்மா. எக்ஸ்ரே ரூம்ல வேல பாத்தேன். மார்ல கட்டி வந்து எடுத்துட்டாங்க.”

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எந்தப் பக்கம்க்கா?”

“இடது.”

“அய்யோ, அம்புட்டுப் பேரும் அந்தப் பக்கந்தான இடிக்கிறாங்க. எந்திரிங்க, நீங்க ஜன்னல் பக்கம் வாங்க.”

இடம் மாறி உட்கார்ந்தோம். ஆனையூர் வரும்வரை நின்றவர்களின் இடியெல்லாம் அவள் மேல்தான் விழுந்தது.