லட்டுவுக்குப் போட்ட சாம்பிராணி

கோயமுத்தூர் டவுன்ஹால் கடைவீதியில் வெள்ளிக்கிழமைதோறும் கடைகடையாகச் சாம்பிராணி போடுகிறவர் யாகூப். இருபத்தெட்டு வருடமாக அந்தப் புகைதான் அவருக்குச் சோறு போடுகிறது. வெங்கடபதியின் பாத்திரக் கடையில் மட்டும் அவருக்கு ஒரு தொல்லை. லட்டு என்கிற முழநீள வெள்ளைப் பொமரேனியன், அவரைக் கண்டதும் பாய்ந்து வந்து காலை நக்கிவிடும். தொழுகைக்கு முன்னால் மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டும். திட்டிக்கொண்டேதான் காலைக் கொடுப்பார். அந்த வீதியில் வேறு யாரும் அவரைப் பார்த்து அப்படி ஓடி வந்ததில்லை.

மார்கழியில் லட்டுவுக்கு இருமல் பிடித்தது. தொண்டையில் முள் சிக்கியது போலக் கழுத்தை நீட்டி நீட்டி இருமியது. யாகூப்புக்கு மனசு கேட்கவில்லை. சளி பிடித்த பிள்ளைகளுக்கு அவர் காட்டாத புகையா? கைலி அசுத்தமானால் ஆகட்டும் என்று நாயை மடியில் இருத்தி, ஓமமும் மஞ்சளும் சேர்த்துப் போட்டு, அதன் முகத்துக்கு நேராக மயிலிறகால் வீசினார். நாலு வெள்ளிக்கிழமை அப்படிச் செய்தார். பாவி நாய், அவர் கை பட்டிருந்தால் போதும், அசையாமல் இருந்து அத்தனையும் இழுத்தது.

ஐந்தாவது வாரம் அதன் நாக்கு நீலம் பாரித்துவிட்டது. மூச்சுக்குழாய் தளர்ந்து ஒட்டிப்போகிறது, இனி கொஞ்சம் புகை பட்டாலும் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஏனுங்க பாய், நல்லதுன்னுதான் செஞ்சீங்க," என்றார் வெங்கடபதி. "ஆனா கொன்னுபோடப் பாத்தீங்களே. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

யாகூப் எதிர்ச்சாரிக் கடைகளோடு நிறுத்திக்கொண்டார். டாக்டர் சொன்னது நாய்க்குத் தெரியுமா? வாசம் பிடித்து, பைக்குகளுக்கு நடுவே புகுந்து, இருமிக்கொண்டே புகைக்குள் வந்து நின்று காலை நக்கியது. முதல் வாரம் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அவரே ஓடினார். அடுத்த வாரமும் வந்தது. அதட்டினார், வாலை ஆட்டியது. காலை ஓங்கினார், விளையாட்டென்று குதித்தது. மூச்சு விசிலடித்தது.

இடுக்கியால் ஒரு நெருப்புக் கங்கை எடுத்து எறிந்தார். முன்னால் விழட்டும் என்றுதான் எறிந்தார். முன்னங்காலிலேயே விழுந்தது. அது போட்ட கத்தலில் வெங்கடபதி வெளியே ஓடி வந்தார். யாகூப் தூபக்காலை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்று அவரால் தொழவும் முடியவில்லை.

இப்போது லட்டு நன்றாகத் தேறிவிட்டது. வெள்ளிக்கிழமை எதிர்ச்சாரியில் அவர் தலை தெரிந்தாலே பல்லைக் காட்டிக் குரைக்கிறது. வெங்கடபதி அவர் காதில் விழும்படியே வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார்:

"ஆரு நல்லவீங்க, ஆரு கெட்டவீங்கன்னு இதுக்கு நல்லாத் தெரியுமுங்க."

குரைப்புக்கு நடுவே இருமல் கேட்கிறதா என்று யாகூப் ஒரு நிமிடம் நின்று கேட்பார். இல்லை என்றதும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.