மேலிருந்து நான்காவது ஸ்லாட்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பச்சை அக்கா சொன்ன அன்றைக்கு, "போட்டுத் தொலைங்கக்கா" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம்.

நாங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறோம். முப்பது மேசை, முப்பது போன். யாருக்காவது நெஞ்சு வலித்தால், யாராவது மாடிப்படியில் உருண்டு விழுந்தால், முதலில் எங்கள் காதில்தான் அலறுவார்கள். அந்த அலறல் அத்தனையும் கூடத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணாடி அறைக்குள், ஒரு ஸ்விட்ச் வழியாகத்தான் வருகிறது. ஸ்விட்ச் என்றதும் சுவரில் தட்டுகிற விளக்கு ஸ்விட்ச்சை நினைத்துவிடாதீர்கள். இது இடுப்பு உயர இரும்புப் பெட்டி. அதில் மேலிருந்து கீழாக எட்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் இழுப்பறை மாதிரி ஒரு மாட்யூல். நடுவில் இருக்கிற நான்காவதும் ஐந்தாவதும்தான் மூளை. ஒன்று வேலை செய்யும், இன்னொன்று தயாராகக் காத்திருக்கும். ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். இரண்டும் படுத்தால் முப்பது போனும் ஊமை.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவள்தான் பச்சை அக்கா. மாட்யூலின் விளக்கு பச்சையாகும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், டீ ஆறிப் போனாலும் தொட மாட்டாள். அதனால் வந்த பெயர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேபிள் இழுக்கிற கூலியாளாக வந்தவள். மேல்கூரைப் பலகைக்கு மேலே தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் தேய்ந்தது அவளுக்கு. படிப்பு பள்ளியோடு சரி. ஸ்விட்ச்சோடு வந்த தடிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று வருஷம் படித்தாள். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் ஐந்து பேர் வந்தார்கள், போனார்கள். இவள் இருக்கிறாள்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கிற அவள் வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் புலம்பினார். "எங்க வீட்டுல மிக்ஸி பிளக்கைப் பிடுங்கணும்னாலும் அனுமதி வாங்கணும்மா. முதல்ல ஸ்விட்ச்சை அணைச்சியா, கை ஈரமா இருக்கா, ஒயரைப் பிடிச்சு இழுக்கறியா... சட்னி சாப்பிடற ஆசையே போயிடும்."

அவள் ஒரு மாட்யூலை மாற்றுவதைப் பார்க்க வேண்டும். முதலில் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதன் ஒயரை இரும்புச் சட்டத்தில் கவ்வ வைப்பாள். நம் உடம்பில் சேர்ந்து கிடக்கிற மின்சாரம் நமக்கே தெரியாதாம். விரல் பட்டால் மாட்யூல் செத்துப்போகவும் கூடுமாம். புதியதைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்ட பிறகுதான் பழையதைத் தொடுவாள். அந்த ஸ்லாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுப்பாள். விளக்கு முழுவதும் அணையும் வரை காத்திருப்பாள். பிறகு இரண்டு திருகு, இரண்டு பக்கப் பிடியையும் ஒரே நேரத்தில் விரிப்பது, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து இழுப்பது. அவசரப்படுத்தினால், "உன் பல்லைப் பிடுங்கறப்ப டாக்டர்கிட்ட இப்படித்தான் அவசரப்படுத்துவியா?" என்பாள்.

கடைசியில் நோட்டு. கண்ணாடி அறைக் கதவில் கயிறு கட்டித் தொங்கும். பெட்டியைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் தேதி, நேரம், எந்த ஸ்லாட், விளக்கு என்ன நிறம், பெயர், எல்லாம் எழுத வேண்டும். செய்த வேலைக்கு நீலப் பேனா. செய்த தப்புக்குச் சிவப்புப் பேனா. அது ஆபீஸ் சட்டம் இல்லை, அவளே போட்ட சட்டம். ஆறு வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்று சிவப்பில் இருக்கிறது: 'மின்விசிறித் தட்டைக் கழற்றினேன். புதியதைப் பிரித்து வைக்காமல் கழற்றினேன். சூடேறி மெஷின் தானாக நின்றது. நான்கு நிமிடம். என் தப்பு.' யாரும் கேட்கவில்லை, யார் தப்பு என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. அவளே எழுதினாள்.

இந்த வருஷம் எங்களுக்குப் புது மேலாளர் வந்தார். வெயில் காலத்திலும் கழுத்தில் டை. நாங்கள் வைத்த பெயர் டை சார். ஒருநாள் காலை நான்காவது ஸ்லாட் மூளைக்கு உடம்பு சரியில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. காத்திருக்கிற மூளைதான், வேலை செய்வது ஐந்தாவது. அதனால் பயமில்லை. ஆனால் பதினோரு மணிக்கு மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அவர்கள் கண்ணில் சிவப்பு எழுத்து படக்கூடாது என்று டை சார் தவித்தார்.

"இப்பவே மாத்துங்க."

"இப்ப அழைப்பு குவியற நேரம் சார். ஒரு மணிக்கு மேல குறையும், அப்ப மாத்தறேன்."

"ஓடிக்கிட்டிருக்கும்போதே கழட்டலாம்னு அந்தக் கம்பெனிக்காரனே சொல்றான். உங்களுக்கு என்ன?"

"கழட்டலாம் சார். எதைக் கழட்டறோம்னு தெரிஞ்சு கழட்டலாம்."

சொல்லிவிட்டு, புது மாட்யூலை எடுத்துவர ஸ்டோர் ரூமுக்குப் போனாள். என் மேசை கண்ணாடி அறைக்கு நேர் எதிரே. டை சார் தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனதைப் பார்த்தேன். கையில் பட்டை இல்லை. காதில் போன். பெட்டிக்கு முன்னால் குனிந்து விரலால் எதையோ எண்ணினார். ஒற்றைக் கையால் ஒரு பிடியை நெம்பி, ஒரு மாட்யூலை உருவினார்.

என் காதில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், தலையில் ரத்தம். எந்த மாடி என்று சொல்லிவிட்டாள், தெருப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அவ்வளவுதான். போன் செத்தது. முப்பது போனும் செத்தது.

டை சார் முகம் வெளுத்துப் போய், உருவியதை மேசை மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார். பச்சை அக்கா ஓடி வந்து, அதை எடுத்து மறுபடி உள்ளே தள்ளினாள். கூடத்தில் எல்லோரும் எழுந்து பார்த்தபோது, மாட்யூலைக் கையில் வைத்திருந்தவள் அவள். மெஷின் எழுந்து வரப் பதினோரு நிமிஷம் ஆனது. அந்தப் பெண் மறுபடி கிடைத்தாள். ஆம்புலன்ஸ் போனது. அவள் அப்பா பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால்?

இரண்டாம் நாள் டை சாரின் அறிக்கை வந்தது. 'தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவு.' கூடவே ஒரு கடிதம், தட்டச்சு செய்து தயாராக: என் தவறை ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்கவும். கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். போடாவிட்டால் விசாரணை, வேலை போகும். விசாரணை முடியும் வரை அவள் கண்ணாடி அறைப் பக்கமே போகக்கூடாது. சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அவளைச் சாப்பாட்டு அறையில் சுற்றிக்கொண்டோம். ஆளாளுக்குப் புத்தி சொன்னோம். நானும் சொன்னேன். பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. ஷிப்ட் போடுகிறவர் டை சார். எனக்குக் காலை ஷிப்ட் இல்லாவிட்டால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நாதி இல்லை. அது காரணம்தான். நல்ல காரணம் என்று சொல்லவில்லை.

"ஒரு கையெழுத்துதானேக்கா. போட்டுத் தொலைங்க. பிள்ளைங்க படிப்பு இருக்கு."

டிபன் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நான் செஞ்ச தப்பை நானே எழுதி வெச்சிருக்கேன், யாரும் கேக்காமலே. இது நான் செய்யல. இதுல போடறதுக்கு எங்கிட்ட கையெழுத்து இல்ல."

"வேலை போயிடுமேக்கா!"

"போனா போகட்டும். திருடிட்டுப் போனேன்னு சொல்லட்டும், தூங்கிட்டேன்னு சொல்லட்டும். எந்த ஸ்லாட்டுன்னு தெரியாம பிடுங்கினேன்னு மட்டும் எவனும் சொல்லக்கூடாது. இருபத்திரண்டு வருஷம்டி!"

அவள் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மோர் இருக்கா?" என்றாள்.

பதினெட்டாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். மேலாளர் அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றார் டை சார். பச்சை அக்கா மாட்டேன் என்றாள்.

"பெட்டிக்கு முன்னால பேசலாம்மா. நடந்தது அங்கதான். குற்றவாளி நான்தானே, இடத்தையாவது நான் சொல்றேனே."

அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். கண்ணாடி அறைக் கதவைத் திறந்து வைத்தே விசாரித்தார்கள். அழைப்பு எடுத்துக்கொண்டே பாதிக் காதால் கூடமே கேட்டது.

டை சார் சொன்னார்: "நான்காவது ஸ்லாட்டை மாத்த வேண்டியது. இவங்க அவசரத்துல தப்பானதைக் கழட்டிட்டாங்க."

பச்சை அக்கா கேட்டாள்: "நான்காவது எதுன்னு சாருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? என்ன கேள்வி இது?"

"தொட வேண்டாம் சார். விரலை மட்டும் நீட்டிக் காட்டுங்க."

அந்தப் பெட்டியில் ஸ்லாட் எண்கள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், கேபிள் கட்டு அதை மறைத்துவிடும். டை சார் குனிந்தார். கட்டடத்தில் மாடியை எண்ணுகிற மாதிரி கீழிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அங்கேயே விரலை நிறுத்தினார்.

பச்சை அக்கா கேபிள் கட்டை மெதுவாக ஒதுக்கினாள். விரலுக்கு நேராக இருந்த எண் ஐந்து.

"மேலிருந்து எண்ணணும் சார். அன்னைக்குப் பிடுங்கினது ஐந்தாவது. பச்சையா எரிஞ்சுக்கிட்டிருந்த மூளை. உருப்படாத நான்காவது இதோ, இன்னைக்கு வரைக்கும் உள்ளேயேதான் இருக்கு. இந்தப் பெட்டியைக் கீழிருந்து எண்ணற ஆள் இந்த ஆபீஸ்ல நான் இல்ல."

டை சாரின் காது சிவந்தது. ஆனால் விடவில்லை. "எண்ணத் தெரியலைன்னா நான் கழட்டினேன்னு ஆயிடுமா? எல்லாரும் பார்த்தாங்களே, இவங்க கையிலதான் இருந்தது. நான் அறைக்குள்ளயே போகல. பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

அதிகாரி அம்மா கூடத்தைப் பார்த்தார். "யாராவது பார்த்தீங்களா?"

முப்பது மேசை. தலைகள் எல்லாம் திரைப் பக்கம் திரும்பின. பச்சை அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. என் மேசை நேர் எதிரே என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு நான் மேசையில் இருந்தேன் என்றும் தெரியும். பதினெட்டு நாளும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன் போல. கேட்காமல் நின்றாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

"நான் பார்த்தேன்மா. சார்தான் உள்ள போனார். சார்தான் உருவினார். ஒரு கையால."

"யோசிச்சுப் பேசுங்க," என்றார் டை சார். "ஷிப்ட் விஷயம் எல்லாம்..."

"ராத்திரி ஷிப்ட்டே போடுங்க சார்!" எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "வருஷம் பூரா போடுங்க. என் பொண்ணை நான் எப்படியோ பார்த்துக்கறேன். நீங்க பிடுங்கினதை நீங்க பிடுங்கலைன்னு சொல்லாதீங்க!"

அதிகாரி அம்மா டை சாரைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினார். என்னிடம், நடந்ததை முழுவதும் சொல்லச் சொன்னார்.

"வாயால வேண்டாம்மா," என்றாள் பச்சை அக்கா. "இங்க எழுதறதுதான் வழக்கம்."

கதவில் தொங்கிய நோட்டை எடுத்து அந்தத் தேதியைப் புரட்டினாள். ஐந்தாவதை மறுபடி உள்ளே தள்ளியதாக அவள் எழுதிய ஒற்றை வரி மட்டும் இருந்தது, கழற்றியவர் யார் என்று இல்லை. சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நேரம், ஸ்லாட் ஐந்து, விளக்கு பச்சை, கழற்றியவர் மேலாளர் என்று எழுதினேன். அதிகாரி அம்மா பின்னால் நின்று படித்தார். தட்டச்சு செய்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி, நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "சாவியை அவங்ககிட்ட குடுங்க," என்றார் டை சாரிடம்.

பச்சை அக்கா சாவியை வாங்கிக்கொண்டு முதலில் செய்தது மணிக்கட்டுப் பட்டையை மாட்டியதுதான். "ஒரு மணி ஆயிடுச்சு, அழைப்பு குறைஞ்சிருக்கும். நான்காவதை மாத்திடறேன். பதினெட்டு நாளா ஒத்தை மூளையில ஓடிக்கிட்டிருக்கு பாவம்," என்றாள்.

நான் நோட்டை மூடவில்லை. எழுதியதற்குக் கீழே பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது.

"அக்கா," என்றேன். "அந்தச் சிவப்புப் பேனாவையும் குடுங்க."