மூங்கில் கம்பில் கட்டிய ராஜா

எல்லாம் தொடங்கியது காலை ஒன்பது இருபதுக்கு. என் கணவரைக் கேட்டால் மாலை ஆறே முக்கால் என்பார். அப்போதுதான் எங்கள் மகள் டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் ஒன்பது இருபது என்றுதான் சொல்வேன். அவள் தன் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தபோது அதில் அந்த நேரம்தான் இருந்தது. அடுத்ததாக, நான் அவள் நெற்றியில் கட்டி அனுப்பிய துணியை அவிழ்க்கச் சொன்னார்கள்.

சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது கோடை அது. மகள் பிளஸ் ஒன் முடித்து லீவில் இருந்தாள். பழங்காலத்துத் துறைமுகம் ஒன்றைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று ஒரு சினிமா கம்பெனி மரக்காணம் உப்பளத்துக்கு வந்திருந்தது. கடல் கடந்து போன ராஜா ஜெயித்துத் திரும்புவார், ஜனங்கள் கரையில் காத்திருப்பார்கள், கடைசியில் ஊர் அழியும் என்று கதை. மகளின் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் சாருக்கு அந்தக் கம்பெனியில் யாரையோ தெரியும். கூட்டத்தில் நிற்கப் பெண்பிள்ளைகள் வேண்டும் என்றார்களாம். நான் வேலை பார்க்கும் போஸ்ட் ஆபீஸ் கவுன்டருக்கே வந்து கேட்டார்.

"பாடத்துல படிக்கிறத நேர்ல வாழ்ந்து பாக்கப் போறாங்கம்மா. எந்தப் புள்ளைக்குக் கெடைக்கும் இது?"

என் கணவருக்குச் சொல்லவே வேண்டாம். அவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். வாரப் பத்திரிகைகளில் வந்த சரித்திரத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து அலமாரி நிறைய வைத்திருக்கிறார். "நம்ம ஊரு அந்தக் காலத்துல எவ்ளோ பெரிய துறைமுகம் தெரியுமா?" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அந்த பைண்டு புத்தகங்களைப் படித்தே வளர்ந்தவள். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுப் பார்த்தாள்.

அன்று காலை கிளம்பும்போது அவள் நெற்றியில் ஒரு பருத்தித் துணியை, புருவத்தில் இடிக்கும்படி இறக்கிக் கட்டினேன். நானும் படிக்கிற காலத்தில் லீவில் அளத்துக்குப் போய் உப்பு வாரியவள். அங்கே யாரும் துணி இல்லாமல் இறங்கமாட்டார்கள். விடிவதற்கு முன்னால் இறங்கி, வெயில் ஏறும்போது கரையேறிவிடுவார்கள். மிச்சம் இருந்தால் நாளைக்கு. உப்பு பூத்த பாத்தியில் பகல் வெயில் விழுந்தால் மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். இது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தரும் விஷயம்கூட இல்லை. சாப்பிடும் முன் கை கழுவுவது மாதிரி.

அதைத்தான் அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு அசிஸ்டன்ட் டைரக்டர் பையை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்தானாம். வாட்ச், செருப்பு, வளையல், சேஃப்டி பின், என் மகள் கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலி, எல்லாம் பைக்குள் போயிற்று. "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னானாம். மகள், "அண்ணா, துணி மட்டும் இருக்கட்டுமே, கண்ணு கூசும்" என்றிருக்கிறாள். "துணி கட்டுனா மூஞ்சி எப்படித் தெரியும்? அந்தக் காலத்து ஜனங்க தல நிமிந்து நிப்பாங்கம்மா. கேமராவ மறந்துட்டு ராஜாவ மட்டும் பாரு" என்றானாம்.

ராஜாவும் அங்கே இல்லை. அவர் வேறு எங்கேயோ மலையில் பாட்டுக் காட்சியில் இருந்தார். கிழக்கே, கடல் பக்கம், பாத்தி வரப்பில் ஒரு மூங்கில் கம்பை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

"இதான் இப்போதைக்கு ராஜா. எல்லாரும் இதையே பாருங்க" என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

"டீ, ராஜா ரொம்ப எளைச்சிட்டாருடீ" என்றாளாம் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்ததில் ஒரு டேக் வீணாகி, திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கம்புக்குப் பின்னால் சூரியன். ராஜாவுக்கு எப்போதும் அப்படித்தான், முதுகுக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டும். ஜனங்களுக்கு எதிரே சூரியன், காலடியில் உப்பு. இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினார்கள். மகளின் முகவெட்டு நன்றாக இருக்கிறது என்று முன்வரிசையில் நிறுத்தி, பலகை ஒன்றை அவளுக்கென்றே கிட்டத்தில் வைத்தார்கள். "கண்ண சிமிட்டாதீங்க. வச்ச கண்ணு வாங்காம பாக்கணும். உங்க ராஜா வர்றாரு." மதியம் சாப்பாட்டுக்கு விடும்வரை இதே காட்சி, திரும்பத் திரும்ப. பலகை பிடித்தவர்கள் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள். அந்த அசிஸ்டன்ட் போட்டிருந்தான். சரித்திரத்துக்குள் நின்ற பிள்ளைகளுக்கு மட்டும் அது ஆகாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் சாப்பிட்டாள். அந்தி சாய்ந்த பிறகு டம்ளர் விழுந்தது.

"அம்மா, கண்ணுக்குள்ள மண்ணு போட்டு தேய்க்கிற மாதிரி இருக்குது."

இமையைப் பிரிக்க முடியவில்லை. விரலால் பிரித்தால் ட்யூப் லைட்டே ஊசியாகக் குத்துகிறது என்று அலறினாள். கண்ணீர் நிற்காமல் கழுத்துவரை ஓடியது. கணவர் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினார். கடைக்காரர் கேட்டுவிட்டு, "மெட்ராஸ் ஐ தாங்க, ஊரெல்லாம் இருக்குது" என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். விஷயம் தெரிந்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே நின்று, மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனாள். பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.

சாருக்குப் போன் செய்தேன். "மெட்ராஸ் ஐயாத்தான் இருக்கும்மா. இன்னும் நாலு புள்ளைங்களுக்குக்கூட லேசா செவந்திருக்குதாம்" என்றார்.

"ஒரே நாள்ல, ஒரே எடத்துல நின்ன புள்ளைங்களுக்கா சார்? நீங்க எங்க இருந்தீங்க அப்போ?"

"நான் அங்கதாம்மா இருந்தேன். கொடைக்குக் கீழ ஒக்காந்து வசனம் சரிபாத்துட்டு இருந்தேன். பழைய வார்த்தை ஒண்ணு ரெண்டு தப்பா இருந்துச்சு."

போனை வைத்துவிட்டேன். அவர் சரிபார்த்த வசனத்தில் ஜனங்களுக்கு ஒரு வரி கிடையாது. மகள் சொன்னாள், அவர்கள் கத்த வேண்டியது "வாழ்க" மட்டும்தானாம்.

அன்று இரவு மகளின் கண்மேல் ஈரத்துணி மாற்றிக்கொண்டே நானும் கணவரும் சண்டை போட்டோம். அவரும் பயந்துபோயிருந்தார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அலமாரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவங்க சும்மா எடுக்கல. நெறைய ஆராய்ச்சி பண்ணித்தான் எடுக்கறாங்க. துணியெல்லாம் கையால நெய்ஞ்சதாம்" என்றார்.

"அந்த ஆராய்ச்சியில நெத்தித் துணி கெடைக்கலையாங்க?"

"எனக்கு என்ன தெரியும். கதையில வர்ற மாதிரி எடுக்கறாங்க."

"உங்க கதையில எவ வேல செஞ்சா? ராஜகுமாரி சுரங்கத்துல ஓடுவா, குதிர கனைக்கும், ஓல போகும். உப்பு வண்டி ஒண்ணு போச்சுன்னு ஒரு வரி எழுதி, நாடு செழிப்பா இருந்துச்சும்பான். வண்டியில உப்பு எப்படி ஏறுச்சு?"

அவர் ஈரத்துணியை வாங்கிப் பிழிந்தார். மகள்தான், கண்ணை மூடியபடி, "அம்மா, அப்பாவ விடும்மா" என்றாள். பிறகு, "அம்மா, எனக்குத் தெரியாமப் போயிடுமா?" என்றாள். பார்வையைத்தான் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

விடிந்ததும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். துப்பட்டாவை நான்காக மடித்து அவள் கண்ணைச் சுற்றிக் கட்டியிருந்தேன். சுனாமி அன்று கரையிலிருந்து கொண்டு வந்தவர்களை வரிசையாகப் பாயில் படுக்கவைத்திருந்த இடத்தை பஸ் தாண்டியது. அன்று அவளும் என்னோடு அங்கே நின்றவள். அவளோடு ஒரே பெஞ்சில் படித்த பெண் அந்த வரிசையில் இருந்தாள். அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது ஒன்றும் தெரியாமல், "எங்கம்மா வந்திருக்கோம்?" என்று கேட்டாள். நான் தாண்டிப்போன ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். மருந்து விட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார்.

"வெல்டிங் பட்டறை பக்கத்துல வீடா?"

"இல்லைங்க. உப்பளத்துல சினிமா ஷூட்டிங்" என்றேன்.

"எதையாவது ரொம்ப நேரம் உத்துப் பாத்தியாம்மா?"

"ராஜாவப் பாத்தேன் டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்றார். வெல்டிங் செய்பவர்களுக்கு வருவதுதான், பகலில் தெரியாது, சாயந்திரம் தெரியும் என்றார். ஆறிவிட வாய்ப்பு அதிகம், ஆனால் இடது கண்ணில் ஆழமாக இருக்கிற மாதிரி தெரிகிறது, கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்.

கட்டுப் பிரிக்கும்வரை நான் கோயிலுக்குள் போகவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் தன் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கும் புனிதையின் சுரூபம் இருக்கிறது. சிறு வயதில் அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டவள்தான். இப்போது அந்தத் தட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை. கணவர் மட்டும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

வீட்டில் உட்கார்ந்து நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அந்தக் காலத்திலும் இங்கே இதே வெயில்தான் இருந்திருக்கும், உப்பும் இதே வெள்ளைதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் உண்மையாகவே ஒரு ராஜா இந்தக் கரையில் வந்து இறங்கியிருந்தாலும், அளத்தில் இருந்தவர்கள் துணியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பகல் ஏறியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நிமிர்ந்து, சிமிட்டாமல் பார்த்த ஒரு ஜனக்கூட்டம் இந்த ஊரில் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் எங்கள் வம்சம் குருடாகியிருக்கும். பொய்யை எடுக்கட்டும், எவனோ காசு போடுகிறான். அந்தப் பொய்க்கு எரிக்க என் பிள்ளையின் கண்தானா கிடைத்தது?

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் வலது கண்ணை மூடிவிட்டு, "எத்தன வெரல்?" என்றார். மகள் சரியாகச் சொன்னாள். பிறகு சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிக்கு முந்தைய வரிவரை படித்தாள். என் கணவர் வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரம் வெயிலே படக்கூடாது, வீட்டுக்குள்ளும் வெளிச்சம் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பார்வை வந்துவிட்டதே, இன்னும் ஏன் கோபம் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். என் கோபம் அந்தப் பரீட்சையோடு முடிகிற கோபம் இல்லை.

அதுவரை கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் சாயந்திரம் வாசலில் வேன் நின்றது. புரொடக்‌ஷன் மேனேஜர் இறங்கினார், கையில் ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். பின்னால் சார். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிய இருட்டில் மகள் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் குனிந்து அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மூஞ்சியில ஒண்ணும் வீக்கம் இல்லியே, நல்லதாப் போச்சு" என்றார் மேனேஜர். "பாப்பா மூஞ்சி முன்வரிசைல க்ளோசப்ல பதிவாயிடுச்சும்மா. அடுத்த சீன்லயும் அவங்க இருந்தாகணும். கன்டின்யூட்டி. நாளான்னைக்கு ஒரு அரை நாள் வந்தாப் போதும்."

"டாக்டர் வெளிச்சமே ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க. கண்ணத் தெறக்கவே கூடாது வெயில்ல" என்றேன்.

அவர் வாசலுக்குப் போய்ப் போனில் யாரிடமோ பேசினார். சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"டைரக்டர்கிட்ட பேசிட்டேன்ம்மா, பிரச்சனையே இல்ல. கதைப்படி அடுத்து கடல் பொங்கி ஊருக்குள்ள வந்துடுது. எல்லாரையும் கரையில வரிசையா பாயில போட்டிருப்போம். பாப்பா கண்ண மூடிக்கிட்டு படுத்திருந்தாப் போதும்."