வண்டியைக் கழுவியவரின் மனைவி

“டிரைவருக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. அவன் பொண்டாட்டிக்கு மட்டும் ரெண்டும் எங்கேர்ந்துடி வந்துது?”

இன்று காலை நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எங்கள் வீட்டுக்காரர் கத்தியது இது. அடுத்தவர் காரை ஓட்டும் தொழிலின் மொத்தச் சட்டமும் இதற்குள் அடக்கம்: பின் சீட்டில் பேசுவது காதில் விழக்கூடாது, விழுந்தாலும் வெளியே வரக்கூடாது. அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த மனிதர்தான், ஒரு ஆளைக் காரால் இடித்துக் கொன்றுவிட்டுத் தடயத்தையும் கழுவினார் என்ற வழக்கில் ஜாமீனில் வந்து, செங்கல்பட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அன்று அந்தக் காரை அவர் ஓட்டவே இல்லை.

வாசலில் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு சாம்பாரைச் சூடு பண்ணும் சகோதரிகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் புரியாது, புரிய வைக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

ரிட்டையர்மென்ட் என்றொரு வதந்தி

இவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். லடாக்கில் இவர் பனியோடு மல்லுக்கட்டியபோது நான் இங்கே குக்கரோடு பேசிக்கொண்டிருந்தேன். குக்கராவது பதிலுக்கு விசில் அடிக்கும். ஓய்வு பெற்று வந்துவிட்டால் விட்ட பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்தவர், சோபாவில் சூடு ஏறுவதற்குள் நாவலூரில் ஒரு பில்டரிடம் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். வார நாளெல்லாம் நாவலூர், சனி ஞாயிறு மாமல்லபுரம் தாண்டி முதலாளியின் பீச் ஹவுஸ்.

ஒரு கல்யாண நாளன்று சண்டை போட்டு முன் சீட்டில் தொற்றிக்கொண்டேன். பின்னால் முதலாளியின் விருந்தாளிகள். அவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டு, கடலில் கால் நனைத்து வரும்வரை நான் பார்க்கிங்கில் தயிர்சாதம் சாப்பிட்டேன். கூட உட்காருங்கள் என்றால் இவர் மாட்டார். டியூட்டியாம். கார் கண்ணாடிக்கு வெளியே விறைப்பாக நின்றார். திரும்பி வந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டாள்: “டிரைவர், இந்தம்மாவை எங்கே இறக்கிவிடணும்?”

காலைப் பரேடு

பட்டாளத்தில் விடிந்ததும் முதல் வேலை வண்டியைக் கழுவுவது. அந்தப் பழக்கம் இன்னும் இவரை விடவில்லை. சாமி கும்பிடாமல்கூட இருப்பார். வண்டியைக் கழுவாமல் டீ குடிக்க மாட்டார். மேலாக்கத் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் இல்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிரஷ்ஷால் மட்கார்டு உள்பக்கம், டயர் இடுக்கு என்று தேய்த்து எடுத்துவிடுவார். வீட்டில் இருக்கும் நாளில் வண்டி கிடைக்காவிட்டால் என் கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பார். ஏன், எதற்கு, அழுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியெல்லாம் கிடையாது. கை தானாகப் போகும்.

இதில் முதலாளிக்கு ஏகப் பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் டிக்கியைத் திறந்து காட்டிச் சொல்வாராம்: “எங்க வீட்டு பாத்ரூமைவிட இது சுத்தம் சார், மிலிட்டரிக்காரர் வேலை!”

நாய்

அந்தச் சனிக்கிழமை முதலாளியின் பையன், “நீங்க போய்ப் படுங்கண்ணா, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டான். இவர் பீச் ஹவுஸ் பின்கட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் கார் ஷெட்டில் நிற்கிறது. முன்பக்கம் நசுங்கி, ஒரு ஹெட்லைட் உடைந்திருக்கிறது. வேறு எந்த டிரைவராக இருந்தாலும் பையனை எழுப்பி, “இன்னா தம்பி இது?” என்று கேட்டிருப்பான். இவர் வாளியை எடுத்தார். அடியில் படுத்தார். வழக்கம்போல முழுசாகத் தேய்த்து முடித்துவிட்டு, பிறகுதான் ஹெட்லைட் உடைந்ததை ‘ரிப்போர்ட்’ பண்ணப் போனார்.

நாய் குறுக்கே வந்துவிட்டது என்றான் பையன். வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து இவர் பார்த்ததே இல்லையாம். தோளில் தட்டிச் சொன்னான்: “சூப்பர்ண்ணா, நான் சொல்லாமலே கழுவிட்டீங்களே!”

சுத்தத்துக்குப் பரிசு

நாய் இல்லை. சைக்கிளில் வீடு திரும்பிய மீனவர். ரோட்டில் கிடந்த கண்ணாடிச் சில்லு இந்தக் காரின் ஹெட்லைட்டோடு பொருந்திவிட்டது. சாவி எப்போதும் டிரைவரிடம்தான் இருக்கும் என்று போலீசிடம் சொன்னான் பையன். ஆமாம் என்றார் முதலாளி. கேட் கேமராவுக்கு அன்றைக்கென்று பார்த்து உடம்பு சரியில்லையாம்.

ஸ்டேஷனில் நான் இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். தடயத்தை அழிக்கிறவன் ஒருநாள் கழுவுவான், தினம் கழுவுவானா? என் கிரைண்டரை வந்து பாருங்கள் என்றேன். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த அழகான உச்சரிப்பு அங்கே ஒரு நாற்காலியைக்கூட வாங்கித் தரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார்: “ஒண்ணும் தெரியாதவன் எதுக்கு மேடம் வண்டிக்கு அடியில படுத்துத் தேய்க்கிறான்?”

குப்பத்தில்

செத்துப்போனவரின் மனைவியைப் பார்க்கப் போனேன். போகாதே என்றார் இவர், போனேன். சாலையோரம் மீன் விற்கிறவள். அன்று கூடை கவிழ்ந்து கிடந்தது. என் கணவர் ஓட்டவில்லை என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துவிட்டது. என்ன அபத்தம், அவள் வாசலில் நின்றுகொண்டு நான் அழுகிறேன்.

அவள் அழவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை. “ஓட்டலன்னு நீ சொல்ற, நான் நம்பி இன்னா ஆவப்போவுது? ஓட்டுனவன இட்டாந்து என் எதுர்ல நிக்க வெய்யி, அப்பால அழு.”

பெரிய கேட்

ஓட்டினவன் யார் என்று பார்த்த ஆள் ஒருவன்தான்: பீச் ஹவுஸ் வாட்ச்மேன் ஏழுமலை. கார் திரும்பி வந்தபோது கேட்டைத் திறந்தவன். அச்சரப்பாக்கத்துக்காரன், இவரை ‘அண்ணாத்த’ என்று கூப்பிட்டு ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவன். அவன் இரண்டு பெண்களும் முதலாளி தயவில் படிக்கிறார்கள். அவனை இதில் இழுக்காதே என்பதுதான் இன்று காலைச் சண்டை. தன் தலை போகிறது, இவர் வாட்ச்மேன் பிழைப்பைப் பார்க்கிறார்!

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் மாறி பீச் ஹவுஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். கேட்டிலிருந்த சின்ன ஜன்னலைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனான். “நா தூங்கிகினு இருந்தேன் அண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான். தூங்கினவன் கேட்டை எப்படித் திறந்தாய் என்றேன். ஜன்னல் மூடிக்கொண்டது. ஆனால் ஆள் போகவில்லை. கேட்டுக்கு அடியில் அவனுடைய ரப்பர் செருப்புகள் அப்படியே நின்றன.

பட்டாளக்காரனையும் டிரைவரையும் ஒரே ஆளாகக் கட்டிக்கொண்டவளுக்கு வாய்த்த உத்தியோகம், அடுத்தவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று இரண்டு ரப்பர் செருப்புகளிடம் மன்றாடுவது.

“ஏழுமலை, அன்னைக்கு ஸ்டியரிங்ல யார் இருந்தாங்கன்னு கோர்ட்டுல ஒரு தடவை சொல்லுப்பா. ஒரே ஒரு தடவை. ஏழுமலை?”