அண்டை வெட்டாத வரப்பு

கல்யாணமான புதிதில், தொண்ணூற்று மூன்றில், நானும் என் மனைவியும் அந்த வரப்பின் மேல் கைகோத்து நடந்திருக்கிறோம். பெரிய காதல் என்று நினைத்துவிட வேண்டாம். வரப்பு அவ்வளவு அகலம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தாலும் நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி புகுந்து போக இடம் இருந்தது.

விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் மண்ரோட்டில் தொடங்கிக் கிணற்றடியில் முடிகிற வரப்பு. மேட்டுப் பக்கம் என் மனைவியின் அண்ணனுடைய கழனி. பள்ளத்துப் பக்கம் அவளுடையது. மாமனார் நிலத்தைத்தான் பிரித்துக் கொடுத்தார். கிணற்றையும் வரப்பையும் பொதுவில் விட்டுவிட்டார். கிணற்றில் நாள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். வரப்புக்கு முறை ஏதும் கிடையாது.

நான் திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் கழனியையும் மச்சானே பயிர் செய்து, அறுப்பு முடிந்ததும் எங்கள் பங்கை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார். விவசாயத்தோடு எனக்கு இருந்த உறவு தட்டில் ஆரம்பித்துத் தட்டிலேயே முடிந்தது.

நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுவார்கள். வரப்பின் இரு பக்கத்தையும் மண்வெட்டியால் சீவி, புல்லை எடுத்து, நண்டு வளை, எலி வளை எல்லாவற்றையும் அடைத்து, சேற்றை அள்ளி மெழுகிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெட்டுகிற கைக்குத் தாராளம் அதிகம், பூசுகிற கைக்குச் சிக்கனம் அதிகம். போகத்துக்குப் போகம் வரப்பு இளைத்தது. டிராக்டர் வந்த பிறகு கொழு முனையும் தன் பங்குக்குக் கொஞ்சம் கடித்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் அது தலைவகிடு அளவுக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் என் தலையில் வகிடு அகன்றுகொண்டே போனது. இயற்கை எங்கோ ஒரு கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது மச்சான் பேச்சை எடுத்தார்.

"மாப்ள, அந்த வரப்பு சும்மா வேஸ்டு. ஜேசிபிய வுட்டு ரெண்டு கழனியையும் ஒண்ணா அடிச்சிட்டு, பூராவும் கரும்பு வச்சிடலாம்னு பாக்கறேன். டிராக்டர் திரும்பறதுக்கும் எடம் கெடைக்கும். உங்க பங்கு உங்களுக்கு வந்துக்கினே இருக்கும்."

எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் தோன்றவில்லை. வாயில் கரும்பு இருந்தது. உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள்.

"அந்த வரப்பு போச்சுன்னா என் கழனி எதுன்னு எனக்கே தெரியாதுண்ணா."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? நீ வந்து ஏரு ஓட்டப் போறியா?"

"ஓட்டறேன். இவரு ஓட்டுவாரு."

நான் கரும்பை விழுங்கிவிட்டேன், சக்கையோடு.

மச்சான் கோபக்காரர் அல்ல. சிரித்தார். "சரி, பயிர் பண்ணுங்க. ஒரு போகம் பாப்போம். ஒழுங்கா வந்துதுன்னா உன் கழனி, உன் வரப்பு. வரலன்னு வச்சிக்கோ, அடுத்த பட்டம் கரும்புதான், பேச்சே கெடையாது." அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய நிலம் என் திறமையின் மேல் வைக்கப்பட்டது. அவள் வாழ்க்கையில் எடுத்த இரண்டாவது துணிச்சலான முடிவு அது. முதலாவது நான்.

நிறையப் படித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. ரசாயன உரம் செய்வதற்கு எவ்வளவு எண்ணெயும் வாயுவும் எரிகின்றன, மருந்து அடித்தால் எந்தெந்தப் பூச்சிகள் சாகின்றன, மரமும் புதரும் இல்லாத நிலப்பரப்பு எப்படி ஊமையாகிறது என்றெல்லாம் படித்து, அலுவலகத்தில் டீ குடிக்க வருகிறவர்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தவன். செய்தால் இயற்கை விவசாயம்தான் என்று அறிவித்தேன். குயிலாப்பாளையத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். மர நிழலில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்தபடி கேட்டபோது எல்லாம் மிகச் சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் கழனிக்குப் போக முடியும் என்பதால், சாணி, கோமியம், தயிர், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் போட்டுப் புளிக்க வைக்கும் கரைசலைத் திண்டிவனத்து வாடகை வீட்டிலேயே தயாரித்தேன். வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். கேனில் ஊற்றி விழுப்புரம் பஸ் ஏறினேன். வழியில் கேன் உப்ப ஆரம்பித்தது.

"இன்னா சார் அது, கள்ளா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க. மருந்து."

"ஆளுக்கா, மாட்டுக்கா?"

"நெல்லுக்கு."

"நெல்லுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மூடி தெறித்தது. எனக்கு முன்சீட்டில் இருந்தவர் வெள்ளை வேட்டி சட்டையில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். "யோவ், பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!" என்று அவர் எழுந்த வேகத்தில் மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "எறங்கு சார், ஜல்தி," என்று கண்டக்டர் விசில் அடித்தார். விக்கிரவாண்டியில் நின்று, மீதிக் கரைசலோடு, எதிர்காலத்தைப் பற்றிச் சிந்தித்தேன்.

அதன் பிறகு ஸ்கூட்டர். திண்டிவனத்துக்கும் காணைக்கும் இடையே சாணியையும் வேப்பம் புண்ணாக்கையும் ஏற்றிக்கொண்டு அது புகைவிட்டபடி ஓடியது. ஒரு நாள் பெட்ரோல் போட்டுக்கொண்டு நிற்கும்போது என் மனைவி பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "எண்ணெய மிச்சம் பண்றதுக்குத்தானே இதெல்லாம்?" நான் டேங்க் மூடியை இரண்டு முறை திருகி மூடினேன். பிறகு அவளே ஊரில் மாடு வைத்திருந்த பெண்களிடம் பேசி, கரைசலைக் கிணற்றடியிலேயே ஊற வைக்க ஏற்பாடு செய்தாள். ஸ்கூட்டருக்கு மூச்சு வந்தது.

தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கிற சமயத்தில் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுதோம். களையை விதைத்துக் களையை உழுகிறார் என்று ஊரில் பேச்சு. மாப்பிள்ளைச் சம்பா நட்டோம். இடுப்புக்கு மேல் வளர்ந்து காற்றுக்குச் சாய்கிற பழைய நெல்.

"பொருத்தமாதான் புடிச்சிருக்கீங்க மாப்ள," என்றார் மச்சான். "ரெண்டுமே நிமிர்ந்து நிக்காது."

எங்கள் பக்கத்தில் நான் அண்டை வெட்ட விடவில்லை. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: வரப்பில் புல் நின்றால்தான் சிலந்தியும் தவளையும் தங்கும், அவை பூச்சியைத் தின்னும். மச்சான் தன் பக்கத்தை வழக்கம்போல் சீவி மெழுகினார். ஒரே வரப்பு, ஒரு பக்கம் முடிவெட்டிக்கொண்டு வந்தவன், மறுபக்கம் சாமியார்.

ஆனால் அந்தச் சில மாதங்கள்! பொழுது சாய்கிற நேரத்தில் தட்டான்கள் எங்கள் பயிரின் மேல் அலை அலையாகப் பறந்தன. புல்லுக்குள்ளிருந்து காடை ஒன்று குஞ்சுகளை வரிசையாக நடத்திப் போனதை நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். சாரைப்பாம்பு ஒன்று குடியேறியது. அதற்கு மட்டும் நான் சில வாரங்கள் ஒத்துழைக்கவில்லை. தவளைச் சத்தத்தில் கிணற்றடியில் நின்று பேசினால் காது கேட்காது. என் மனைவி போகும்போது வெறுங்கையோடு போய், வரும்போது முந்தானை நிறையப் பொன்னாங்கண்ணியும் குமுட்டிக் கீரையும் பறித்து வருவாள். சின்ன வயதில் அந்த வரப்பில் பறித்த கீரைகளாம். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முணுமுணுத்துப் பாடுவாள் என்று தெரிந்துகொண்டேன். இன்று யோசித்தால், அந்த நாட்களில் நாங்கள் விளைவித்த நெல்லைவிட அதுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

பயிர் என்னவோ வெளிர் பச்சையாகத்தான் இருந்தது. வரப்பை ஒட்டிய நாலைந்து வரிசை மட்டும் கருகருவென்று, கண்ணைப் பறிக்கிற பச்சை. கரைசலை வரப்பில் நின்றுதான் தெளிப்பேன். அங்கேதான் முழு வேகத்தில் விழுகிறது என்று முடிவு கட்டினேன். கூடப் பயிற்சி எடுத்தவர்கள் ஒரு வேன் பிடித்துப் பார்க்க வந்தார்கள். அந்த வரிசைகளின் முன் அவர்களை நிறுத்தி, மண்ணின் நுண்ணுயிர்கள் பற்றி உருக்கமாகப் பேசினேன். ஒருவர் போட்டோ எடுத்தார். மேட்டுப் பக்கத்தில் மச்சான் மண்வெட்டியில் சாய்ந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"மாப்ள, கோச்சிக்காதீங்க. அது உங்க கரைசல் இல்ல."

"பின்னே?"

"என் யூரியா." கீழே கைகாட்டினார். "உங்க பக்கம் நண்டு வளைய அடைக்கல. அது உள்ளாறயே தோண்டி என் பக்கம் வந்துடிச்சி. போன மாசமும் முந்தா நாளும் உரம் போட்டுத் தண்ணி கட்டினேன். ராவெல்லாம் உங்க கழனிக்குத்தான் ஓடிக்கினு இருந்துது."

குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னத் துளைகள் வழியாக மச்சானின் தண்ணீர் அமைதியாக எங்கள் இயற்கை விவசாயத்துக்குள் வந்துகொண்டிருந்தது. முதலில் சிரித்தது என் மனைவி. போட்டோ எடுத்தவர் இன்னொரு போட்டோ எடுத்தார், இந்த முறை என்னை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் சிரிக்கவில்லை. "அண்ணன் கண்ணால பாத்துட்டாரு. யூரியா வுழுந்த எடந்தான் பச்சையா கீதுன்னு. இனிமே ஜேசிபிதான்."

கதிர் புடைக்கிற சமயம் மழை விட்டுப்போனது. அதே வாரம் டிரான்ஸ்பார்மர் எரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா மோட்டாருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. கரண்டு இலவசம் என்பதால் அது வந்த நொடியில், தேவை உள்ளவன் இல்லாதவன் எல்லார் மோட்டாரும் ஒன்றாக இறைக்க ஆரம்பிக்கும். அந்தப் பாரத்தை டிரான்ஸ்பார்மர் எத்தனை நாள்தான் தாங்கும்? வேறொன்று வர நாளாகும் என்றார்கள். மச்சான் டீசல் இன்ஜின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினார். கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. ஒரு முறைக்குள் ஊறுகிற தண்ணீர் ஒருவருக்கே போதாது. அவருடைய குட்டை நெல் உரம் தின்று செழித்திருந்ததால் தண்ணீருக்குத் தவித்தது. அப்பால் அவர் தனியே வைத்திருந்த இளங்கரும்பு நுனி சுருண்டுவிட்டது. ஆனாலும் எங்கள் முறை வந்த நாளில் அவரே இன்ஜினை நிறுத்திவிட்டு, "எடுத்துக்கோம்மா," என்று தங்கையிடம் சொல்லி ஒதுங்கி நின்றார்.

அவள் கழனியில் இறங்கி, பயிரை விலக்கி, விரலை மண்ணில் குத்திப் பார்த்தாள். மடக்கி உழுத தக்கைப்பூண்டு மக்கியிருந்த மண். விரல் நுனியில் ஈரம் ஒட்டியிருந்தது.

"எங்க முறையையும் நீயே எடுத்துக்கோண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கதிர் புடைக்கிற நேரம்! இது காய்ஞ்சா உன் நிலமே போயிடும், தெரியுமா?"

"தெரியும். அண்ணனுது காயறத பாத்துக்கினு நான் நிக்கமாட்டேன்."

மச்சான் இன்ஜினைக் கிளப்பப் போனார். அடுத்த முறையும் அவள் விட்டுக்கொடுத்தாள். நான் தினமும் அலுவலகத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி அதைத் தியானம் என்று நினைத்தார்.

எங்கள் பயிர் சாகவில்லை. செழிக்கவும் இல்லை. புதிய டிரான்ஸ்பார்மர் வந்து, ஒரு தண்ணீர் விட்டு, அறுப்பும் வந்தது. பாதி சாய்ந்துகிடந்தது, மச்சான் சொன்னபடியே. களத்தில் இரண்டு குவியலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது எது பெரியது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருடையது குன்று, எங்களுடையது மேடு. வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம். மச்சான் இரண்டையும் சொல்லவில்லை. வைக்கோல் நல்ல நீளம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கட்டினார்.

அடுத்த பட்டத்துக்கு அவர் கழனி வேலையைத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். மண்ரோட்டில் இறங்கியதும் என் மனைவி ஜேசிபியின் சக்கரத் தடத்தைத் தேடிக்கொண்டே நடந்தாள். தடம் இல்லை. மச்சான் தன் கழனியில் எல்லா வரப்பையும் அண்டை வெட்டி, கண்ணாடி மாதிரி மெழுகியிருந்தார். எங்கள் பொது வரப்பு மட்டும் புல்லோடு அப்படியே நின்றது. அவர் பக்கத்தில் ஒரு வெட்டுக்கூட விழவில்லை. வெட்டாமல், புதுச் சேற்றை மட்டும் அள்ளித் தன் பக்கத்து அடியில் அணைத்திருந்தார்.

"இன்னாண்ணா, இத வுட்டுட்ட?" என்றாள் அவள்.

மச்சான் முழங்கால் சேற்றில் நின்றபடி, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "நண்டு பொல்லாததா கீதும்மா. கையி வச்சா கடிக்குது."

"அப்போ உன் யூரியா?"

"போனா போவுது. மாப்ள நாலு பேருக்குக் காட்டறதுக்கு எதுனா வேணுமில்ல?"

அவர் கடைசிவரை யூரியாவை விடவில்லை. நாங்கள் நடுவில் வேறு நெல்லுக்கு மாறினோம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுப் பார்த்தோம், பல போகம் தோற்றோம். ஆனால் வருஷா வருஷம் அந்த வரப்புக்கு மட்டும் வெட்டு இல்லாமல் சேறு விழுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும்.

போன தடவை போயிருந்தபோது அதன் மேல் நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால், கீரைக்காக அவள் குனியும்போதெல்லாம் நின்று நின்று. தொண்ணூற்று மூன்றின் அகலம் இன்னும் வரவில்லை. கைகோத்து நடக்க இன்னும் ஒரு சாண் சேறு வேண்டும்.