புள்ளி விழாத வீடு

பார்க்டேலில் உள்ள எங்கள் வீட்டின் மேல்மாடியில், பின்பக்கமாக ஓர் அறை இருக்கிறது. மூன்று பக்கமும் யன்னல். பனி கொட்டும் மாரியில் குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டுதான் அதற்குள் போவேன். கட்டியவனுக்கு மூளை பிசகியிருக்க வேண்டும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

காரணம் நூலகத்தில் தெரியவந்தது. வட்டாரத்தின் பழைய கதை பற்றி ஒரு பேச்சு. நான் போனது இலவசக் கோப்பிக்கு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இந்தத் தெருக்களில் காசநோய், எங்கள் பேச்சில் கசம், பலரைக் கொண்டுபோயிருக்கிறது. மருந்தில்லாத காலம். வசதியுள்ளவர்கள் வீட்டோடு இப்படி ஓர் அறையை ஒட்டவைத்து, நோயாளியைப் பனிக்காலத்திலும் யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கவைத்தார்கள். மற்றவர்கள் ஓரறைக்குள் குடும்பத்தோடு இருமினார்கள். பேச்சாளர் காட்டிய வரைபடத்தில் சாவு நடந்த வீடெல்லாம் ஒரு கறுப்புப் புள்ளி. ரயில் பாதைப் பக்கம் மிளகு கொட்டியது போலிருந்தது. எங்கள் வீட்டைத் தேடினேன். புள்ளி இல்லை. ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாயிருந்தது.

அந்தக் கிழமைதான் எங்கள் வீட்டை வாங்கும் எண்ணத்தில் ஓர் இளம் கணவனும் மனைவியும் குழந்தையோடு வந்தார்கள். என் மனைவிக்கு முழங்கால் சரியில்லை. இதை விற்றால்தான் நகர ஓரத்து ரூஜ் பக்கம், படியேறத் தேவையில்லாத வீட்டுக்குப் போகலாம். "நீங்கள் வாயைத் திறக்காமல் நிண்டால் காணும்," என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

வந்த பெண்ணுக்கு அந்த அறை பிடித்துவிட்டது. "பிள்ளைக்கு நல்ல வெளிச்சமான றூம். ஏன் அங்கிள் இவ்வளவு யன்னல்?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையா?

"உது அந்தக் காலத்திலை கசக்காரரைப் படுக்கவைக்கக் கட்டினது, பிள்ளை."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆர் அங்கிள் செத்தது?" என்றான் கணவன்.

"இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. எங்கடை வீட்டிலை புள்ளியே இல்லை. சுத்திவரத்தான் புள்ளி."

"என்ன புள்ளி?"

விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் படியிறங்கினார்கள். அவன் சப்பாத்தைப் பாதி மாட்டியபடியே, "யோசிச்சுச் சொல்லுறம் அங்கிள்," என்றான்.

யோசித்தார்கள். எங்கள் தெருவிலேயே கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டை வாங்கினார்கள். எங்கள் வீட்டையும் அதையும் ஒரே ஆள் வரிசையாகக் கட்டியது. அங்கேயும் பின்பக்கம் அதே அறை. யன்னல்களில் இப்போது யானைக்குட்டி போட்ட திரைச்சீலை.

இந்தச் செய்தியை நான் கொண்டுவந்தபோது என் மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி பாதிப் படியில் நின்றாள்.

"அங்கை போய் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். "பிள்ளை படுக்கிற அறை."